ஊற்றுநீரில் வைத்த சாம்பார்

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை 9:40. கனிம ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற மலையூரில் நானும் என் அறைத்தோழியும் ரயிலிலிருந்து இறங்கினோம். அன்று மாலை என் பேராசிரியர் முதன்முறையாக எங்கள் அறைக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. தோழி ஆறு பாட்டில்களில் ஊற்றுநீரை நிரப்பினாள், சுமந்தது நான்.

"சாம்பாரே இதுல வைக்கலாம்டி," என்றாள்.

"உப்புத் தண்ணியில பருப்பு வேகாது."

"அது நம்ம ஊரு போர் தண்ணி. இது டாக்டரே எழுதிக் குடுக்கிற தண்ணி."

அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. மதியமே ஊர் திரும்பி, அந்த நீரிலேயே குக்கரில் பருப்பை ஏற்றினோம். ஒன்பது விசில் வந்த பின்னும் பருப்பு கல்லாகவே கிடந்தது. பேராசிரியர் சுவை வித்தியாசமாக இருப்பதாகப் பாராட்டிக்கொண்டே பருப்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

மறுநாள் காலை, தோழியை எழுப்பாமல், நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் சாம்பார் வைத்து, அவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.