கறிக்கடைத் தோளில் மீன் ஒட்டு

தோள்பட்டை ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கியில் ஆரம்பிக்கும் என்று நினைப்பீர்கள். என் வேலை காரைக்குடிச் சந்தையில், கறிக்கடை வரிசையில் நிற்பதில்தான் ஆரம்பித்தது. தோளில் கிழிந்த தசைநாரைத் தைக்கும்போது கிழிசலுக்குத் துணி ஒட்டுப்போடுவது போல அதன் மேல் வைக்கும் ஒரு மெல்லிய ஒட்டை எங்கள் ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கிறார்கள். நான் அங்கே ஆராய்ச்சி உதவியாளன். உங்களில் யாராவது இந்த உத்தியோகத்தில் இருந்தால், யோசிப்பது டாக்டர்கள், பை தூக்குவது நாம் என்பது தெரிந்திருக்கும்.

முழுசாக ஒரு முன்னங்கால்

ஒட்டு தாங்குமா என்று முதலில் ஆட்டுத் தோளில் தைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். சாகுல் பாய் கடையில், "தோள் எலும்போட முன்னங்கால் வேணும் பாய், வெட்டாம" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பழக்க தோஷத்தில் கத்தி இறங்கிவிட்டது. "ஐயோ, அதைத் தைக்கணும் பாய்!" என்று அலறினேன். கடையே திரும்பிப் பார்த்தது. பாய் நிதானமாகக் கத்தியைத் துடைத்தார்.

"தைக்கணும்னா டெய்லர் கடைக்குப் போகாம எதுக்குத் தம்பி இங்குட்டு வாரீக?"

ஒரு கை மட்டும்

வாரா வாரம் போய்ப் போய் சிநேகமாகிவிட்டோம். அப்புறம் ஒருநாள் பாயே ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முழு ஆட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டும்போது வலது தோளில் ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம். ஸ்கேனில் பார்த்தால், தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்திருந்தது.

கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், சட்டையை வீட்டம்மா மாட்டிவிடுகிறார். அதெல்லாம் அவருக்குப் பெரிய கவலையில்லை. அவருடைய கவலை வேறு.

"தொழுகையில ரெண்டு கையையும் காது வரைக்கும் தூக்கணும் தம்பி. ஒண்ணுதான் போகுது, இன்னொண்ணு நெஞ்சோட நின்னுருது."

எதுல செஞ்சது?

ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்தார். சிலருக்கு ஒட்டு வைத்துத் தைப்பார்கள், சிலருக்கு வெறும் தையல். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், ஆராய்ச்சி முடியும்வரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, ஒட்டு எதில் செய்தது என்று மட்டும் கேட்டார். மீன் தோலில் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவருடைய எதிர்க்கடை, தொண்டிக் கடல் மீன் விற்கும் செல்லத்துரை. கடை கழுவிய தண்ணீர் யார் வாசலுக்கு ஓடுவது என்ற தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.

"கறிக்கடைக்காரன் தோள்ல மீனா? இது மட்டும் செல்லத்துரைக்குத் தெரிஞ்சது, நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்!"

தெரிந்துவிட்டது

சந்தையில் எந்த ரகசியம் தங்கியது? பாய் தோளில் இருப்பது மீன் ஒட்டுதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து, பாய் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தபோது, செல்லத்துரை ஒரு முழு வஞ்சிரத்தோடு வாசலில் வந்து நின்றாராம். நம்ம சரக்கை நாம பார்க்க வர வேண்டாமா என்று கேட்டாராம். அதற்கப்புறம் உடற்பயிற்சிக்கு பாயை வண்டியில் வைத்துக் கூட்டிவந்ததே அவர்தான். பாய் சுவரில் விரல்களை ஊன்றி மெல்ல மெல்லக் கையை மேலே ஏற்றுவார். பின்னால் நின்று செல்லத்துரை, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். வலித்தால் பாய் திட்டுவதும் அவரைத்தான்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அந்தக் கை தோளைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, காதைத் தொட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. செல்லத்துரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தொண்டிச் சரக்கு பாய், சோடை போகுமா?"

கம்ப்யூட்டர் சொன்னது

ஆராய்ச்சி முடிந்ததும் யாருக்கு எது என்ற விவரம் வந்தது. பாய்க்கு ஒட்டே வைக்கவில்லை, வெறும் தையல்தான். தயங்கித் தயங்கிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். பாய் எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே செல்லத்துரை, பாயின் தோளைக் கைகாட்டியே யாரோ ஒருவருக்கு மீன் விற்றுக்கொண்டிருந்தார். பாய் வலது கையை என் தோளில் போட்டுப் பக்கத்தில் இழுத்தார்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிராதீக தம்பி. தெனமும் டீயோட வந்து என் தோளைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கடையைத் திறக்கிறாரு."

ஆகவே சக ஆராய்ச்சி உதவியாளர்களே, ஒட்டு வைக்காத தோள் எப்படி இவ்வளவு நன்றாகத் தேறியது என்று டாக்டர் கேட்டபோது, எல்லாம் எதிர்க்கடை மீன்காரர் செய்த வேலை என்று அறிக்கையில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.