மெலூரை லாரி ஏற்றவிடாதவள்

கரடி கர்ப்பமா இல்லையா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டால் கை மிஞ்சாது. அதன் கழிவை எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். கழிவு என்று எழுதுகிறோம்; தெலுக் பஹாங் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கரடிக் காப்பகத்தில் எல்லாரும் பீ என்றுதான் சொல்கிறார்கள். காலையில் அதை அள்ளி, குப்பியில் அடைத்து, பெயர் ஒட்டி, கெலுகோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது புஷ்பவள்ளியின் வேலை.

பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் சிப்பு தொழிற்சாலையில் உற்பத்தி லைனை மூடியபோது தெருவுக்கு வந்தவள் அவள். கழுவும் வேலைக்கு என்று இங்கே சேர்ந்தாள். இன்று கரடிகளைப் பார்த்துக்கொள்வதே அவள்தான். இன்னும் கான்ட்ராக்ட். வருஷக் கடைசி வந்தால் மேலிடத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கரடிகள் நம் காட்டுக் கரடிகள் அல்ல. நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட ஆசியக் கருங்கரடிகள். வடக்கேயிருந்து கடத்தி வந்து பிடிபட்டவை. அவற்றை எப்படி வளர்ப்பது, எப்படிக் குட்டி போட வைப்பது என்பதுதான் ஆராய்ச்சி. மெலூர், செரி என்ற இரண்டு பெண் கரடிகளுக்கும் ஒரே வளாகம். எது யாருடைய பீ என்று தெரிய வேண்டாமா? அதனால் மெலூர் கஞ்சியில் மட்டும் சிவப்புச் சாயம் கலப்பார்கள். சிவப்பாக வந்தால் மெலூர். சாதாரணமாக வந்தால் செரி.

கருங்கரடி வருஷத்து நடுவில் சேரும்; அந்த வருஷமும் இரவல் வாங்கிய ஆண் கரடியை மெலூரோடு சேர விட்டிருந்தார்கள். கரு உடனே ஒட்டாது, மாதக்கணக்கில் உள்ளே மிதந்துகொண்டிருக்கும். வருஷக் கடைசியில்தான் ஒட்டும். ஒட்டினால் ஹார்மோன் ஏறும். அந்த வருஷம் ஆய்வுக்கூடம் எதிர்பார்த்திருந்தது தீபாவளியை ஒட்டி வந்த வாரத்தை. முடிவு வந்தது. மெலூருக்கு ஏறவில்லை. வெறும் வயிறு. மயக்க ஊசி போட்டு, கூண்டில் ஏற்றி, தீவை விட்டுப் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு காப்பகத்துக்கு அனுப்பி, அங்கிருக்கும் வேறொரு ஆண் கரடியோடு விடுவது என்று முடிவானது.

லாரி ஓட்டி வந்தவர் ஹக்கீம். வந்ததும் வராததுமாகத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற புஷ்பவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புஷ்பா, எனக்கு என்னமோ ஆயிருச்சு."

"என்னண்ணே?"

"காலைல தண்டாஸ் போயிட்டுக் குனிஞ்சு பாத்தா ஒரே செவப்பு. ரத்தம்னு நெனைக்கிறேன். வீட்ல சொல்லல. சொன்னா அவ மொதல்ல இன்சூரன்ஸ்காரனுக்குத்தான் போன் போடுவா."

"நேத்து என்ன சாப்புட்டீங்க?"

"பாசார்ல டிராகன் பழம். உள்ள செவப்பா இருக்குமே, அது. நல்லா இருந்துச்சுன்னு மூனு தின்னேன்."

"மூனு தின்னா பின்ன வெள்ளையாவா வரும்? போய் தே தாரிக் குடிங்கண்ணே. சாக மாட்டீங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தீபாவளிக்கு அவள் வீட்டில், வருவோர்க்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு. மிச்சமான டிராகன் பழத்தை ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து கரடிகளுக்குப் போட்டாள். அடுத்த சில நாளும் போட்டாள். செரி அடாவடி. மெலூரை அண்டவிடாமல் எல்லாவற்றையும் அதுவே தின்றது. அந்த வாரம் கண்ணில் பட்டதெல்லாம் சிவப்பு. எல்லாவற்றையும் மெலூர் குப்பியில் போட்டாள். செரியின் குப்பி காலி; மூங்கில் புதருக்குள் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். மெலூர் என்று ஆய்வுக்கூடம் சோதித்தது பெரும்பாலும் செரியின் பீயை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தொழிற்சாலையில் அப்படித்தான் பழக்கினார்கள்: கெட்டுப்போன சிப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடு, உன் பேர் தப்பும். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதத்தில் தன் தப்பைத் தானே போய்ச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவள் ஓடினாள்.

கால்நடை மருத்துவர் நூருல் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் குழம்புச் சோற்றுக் கடை வைத்திருந்தவரின் மகள். கடை உறைப்பு பேச்சிலும் இருக்கும்.

"டாக்டர், ஊசிய கீழ வைங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே பழத்தையும் குப்பியையும் சொல்லி முடித்தாள்.

"அக்கா, கண்டதையும் குடுக்கக் கூடாதுன்னு செவத்துல ஒட்டியிருக்கு. ஒட்டுனதே நீங்க."

"நான்தான் ஒட்டுனேன். நான்தான் குடுத்தேன். நாம எல்லாம் தீவாளி சாப்புடுறோம், இதுங்களுக்கு மட்டும் கஞ்சியான்னு தோனுச்சு. திட்டுங்க, அப்புறமா உக்காந்து திட்டுங்க. இப்ப லாரிய வெறுமனே திருப்பி அனுப்புங்க லா."

"மேல கேட்டா என்னான்னு சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க. என் பேர போட்டே சொல்லுங்க."

"வேல போயிரும்க்கா."

"அது வயித்துல ஒன்னு இருந்து, மயக்க ஊசில அது போச்சுன்னா? என் வேலய திரும்பத் தேடிக்கலாம்."

நூருல் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அப்ப நான் வெறும் லாரியோட திரும்பணுமா?" என்றார் ஹக்கீம். "பாலத்துல டோல் கட்டி வந்தேன்."

"பழம் வித்தவன்கிட்ட வாங்கிக்குங்க," என்றாள் புஷ்பவள்ளி.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கான்ட்ராக்ட் கையெழுத்து வரவில்லை. பிறகு பார்க்கலாம், அதுவரை வேலைக்கு வந்துகொண்டிரு என்றார்கள். சாயத்தைப் பச்சைக்கு மாற்றி மறுபடி சோதித்தார்கள். மெலூருக்கு ஹார்மோன் நன்றாகவே ஏறியிருந்தது.

"ஆனா நம்பிறாதீங்க," என்றார் நூருல். "பொய்க் கர்ப்பத்துலயும் இப்படித்தான் ஏறும். குட்டி வந்தாத்தான் நெசம்."

மெலூர் கண்மண் தெரியாமல் தின்றது. தென்னை ஓலையை இழுத்துக்கொண்டு போய், குகைபோலக் கட்டியிருந்த குகையறையில் பரப்பியது. பிறகு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டது. தாய்க் கரடி மிரண்டால் குட்டியைக் கைவிட்டுவிடும், தின்றும்விடும். அதனால் புஷ்பவள்ளி தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பினாள். தினமும். பார்க்க ஆசையில்லாமல் அல்ல.

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை. குகையறைக்குள் பொருத்தியிருந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்த நூருல் காதுக் கருவியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். மெலூரின் கனத்த மூச்சு. அதற்கு மேலே, தையல் மெஷின் ஓடுவதுபோல விடாத ஒரு முனகல். பால் குடிக்கும் குட்டி.

"அழாதீங்கக்கா, ஹெட்போன் வயர் நனைஞ்சிரும்."

"யாரு அழுவுறா," என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வளாகத்துக் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். தோளில் புல்வெட்டும் மெஷினோடு ஏறி வந்த தோட்டக்காரர் ஜெயராஜை வழியிலேயே மறித்தாள்.

"இந்தப் பக்கம் மெஷின் போடாதீங்கண்ணே. மார்ச்ல வாங்க."

"அதுவரைக்கும் புல்லு வளந்துருமேம்மா."

"வளரட்டும்."