தாளாளர் உட்கார்ந்து பார்த்த கம்மோடு

போன மாதம் அம்மா இறந்தாள். இதயம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. கம்மோடு விஷயம் எழுத வரும். அதை எழுதுகிறேன்.

அம்மா குளியலறைச் சாமான் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். குழாய், வாஷ்பேசின், கம்மோடு. பீங்கானை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பாள். சத்தம் பிசிறினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம். வாடிக்கையாளர் தயங்கினால், காட்சிக்கு வைத்திருக்கும் கம்மோடின் மேல் தானே உட்கார்ந்துகொண்டு, முட்டியில் கை வைத்து, "முதுகு எப்படி நேரா நிக்குது பாருங்க" என்பாள். அப்பா ஒருமுறை கடைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். "மத்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சோபாவுல உக்காந்து பேசுவாங்க" என்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னார்.

"சோபாவுல உக்காந்து எவ்வளவு நேரம் பேச முடியும்? போகணும்னு வந்தா எழுந்து ஓடத்தான வேணும்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் முதலில் "வாங்க" என்று சொன்னதில்லை. "பாத்ரூம் போறீங்களா?" என்றுதான் கேட்பாள். கூடவே, "லைட் சுவிட்சு வெளியில இருக்கு." அதன் பிறகுதான் வாங்க, உட்காருங்க, தண்ணீர் எல்லாம். என் மாமனார் என்னைப் பெண் பார்க்க முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் இதே கேள்வி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் ஒரு நொடி திகைத்து, "ரொம்ப நேரமா போகணும்மா" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போதே சம்மதம் அவர் முகத்தில் இருந்தது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் ஒரு பழமொழி. அம்மாவுக்கு அது அரசியல் சாசனம்.

எங்களுடையது தரைத்தளத்து வீடு. இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம். அவர்கள் பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஆள் அவ்வளவு சிறிது என்பதால் எல்லோருக்கும் அவள் கடுகு. அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து கடுகு மாலையில் தன் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வாசலில் பையை வீசிவிட்டு, யாரையும் பார்க்காமல், நேராக எங்கள் பாத்ரூமுக்குள் ஓடினாள். அம்மா கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்தியிருப்பாள். மாடிப்படி ஏறும் அளவுக்கு அவளுக்கு அவகாசம் இல்லை.

அம்மா ஒருநாள் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். தண்ணீர் பாட்டில் கனத்தது. திறந்து பார்த்தால் விளிம்பு வரை இருந்தது.

"தண்ணியே குடிக்கலியா?"

"குடிச்சா வரும்" என்றாள் கடுகு.

"வந்தா போறது."

"அங்க போக மாட்டேன். உள்ள விழுந்துடுவேன்."

"யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

கடுகு யோசித்தாள். "ஒருத்தன் விழுந்தான். பாதி."

அந்த வாரமே கடுகுக்கு வயிற்று வலி, காய்ச்சல். தண்ணீர் குடிக்காததால் வந்த சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்திலும் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் என்றார். கடுகு மருந்தைக் குடித்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் பழையபடி நிரம்பவே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கே புதிதாகக் கட்டியிருந்த கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் வித்ததுடி" என்றாள். "தாளாளர் வந்து முதல்தரம் வேணும்னு கேட்டாரு. டீச்சருங்களுக்குன்னு நெனச்சேன். யாருக்குன்னு கேக்காம வித்துட்டேன். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேக்கறேன், அன்னிக்குப் பாத்து வாயடைச்சுப் போச்சு."

தாளாளர் என்பவர் பள்ளிக்கூடத்தை நடத்துபவர். பெரிய உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. கழிப்பறைக் கட்டடத்தின் முகப்பில் கட்டடத்தை விடப் பெரிதாகத் தன் பெயரைப் போட்டிருந்தார். அம்மா அவரைப் பார்க்கப் போனபோது நானும் போனேன்.

"குழந்தைங்களுக்குன்னு சின்ன கம்மோடு வருது சார். பேசின் கூட சின்னதுல இருக்கு. மாத்திடலாம்" என்றாள் அம்மா.

"குழந்தைங்க வளர்ந்துடுவாங்கம்மா. கம்மோடு வளருமா?"

"அப்ப வளர்ற வரைக்கும் அடக்கிக்கட்டுமா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். வாழ்க்கைக்கு நல்லது. எந்தக் குழந்தையும் எங்கிட்ட வந்து குறை சொல்லலியே."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. அடக்கிக்கற பிள்ளைக்காக யார் சார் கேக்கறது?"

அவர் மணியை அடித்தார். வெளியே வந்தோம்.

மறுநாளிலிருந்து அம்மா வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். உள்ளே போகும் குழந்தைகளிடம் ஒவ்வொன்றாக, "பாத்ரூம் போய்ட்டு வந்தியா?" பெரிய வகுப்புப் பையன்கள் வேறு தெருவாகச் சுற்றிப் போனார்கள். தலைமை ஆசிரியையிடமும் கேட்டாள். அவர், "ஆச்சும்மா, ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். கடைசியில் தாளாளரின் காரை நிறுத்தி, கண்ணாடியைத் தட்டி, அவரிடமும் கேட்டாள். டிரைவர் சிரித்துவிட்டான்.

"உங்களுக்கு என்னதான்மா வேணும்?" என்றார் தாளாளர்.

"ஒரே ஒரு நிமிஷம் சார். எங்க கடைக்கு வந்து, அந்தப் பிள்ளைங்க உக்கார்ற மாதிரி நீங்க உக்காந்து எழுந்துட்டீங்கன்னா, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவருக்கு இது மலிவாகப் பட்டது. கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கணக்குக் கேட்டாள். நான் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கடுகின் உயரத்தையும் தாளாளரின் உயரத்தையும் வைத்து விகிதம் போட்டேன். கம்மோடு அவருக்கு நடுத்தொடை உயரம் வர வேண்டும். வாயும் அதே விகிதத்தில் அகல வேண்டும். அப்படி ஒன்று விற்பனையில் இல்லை.

"இருக்கே" என்றாள் அம்மா. "கடைக் கூரையில."

கடையின் முகப்பில், பெயர்ப்பலகைக்கு மேலே, விளம்பரத்துக்காக ஒரு ராட்சதக் கம்மோடு உட்கார்ந்திருந்தது. ஃபைபர்கிளாஸ் என்னும் கண்ணாடி நாரில் வார்த்து வெள்ளை பாலிஷ் போட்டது. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அதுதான் அடையாளம். பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர்தான்.

"அது அளவு சரியில்லம்மா. அவர் நெஞ்சு உயரம் வரும். அவர் அதுல உக்கார்றது, தவழற குழந்தை சாதாரண கம்மோடுல உக்கார்றதுக்குச் சமம். தவழற குழந்தை பள்ளிக்கூடம் போகாது."

"அது அவருக்குத் தெரியாதுடி."

"கணக்குத் தப்புன்னு சொல்றேன்."

"நீ உன் கணக்கை உள்ள வை."

முதலாளி அம்மாவின் பேச்சைத் தட்ட மாட்டார். தட்டினால் அவள் வேலைக்கு வரமாட்டாள், அவள் வராவிட்டால் கடை ஓடாது. கயிறு கட்டி அதை இறக்கிக் கடை நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு உயர ஸ்டூல். தாளாளர் தலைமை ஆசிரியையோடு வந்தார். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மறுபடி டீ கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு விருந்தாளியிடம் பாத்ரூம் போகிறீர்களா என்று கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கடுகும் கவனித்தாள். அவளை அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தாளாளர் ஸ்டூலில் ஏறினார். திரும்பினார். விளிம்பில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டேன். இதுல என்ன இருக்கு?" என்றார்.

அப்புறம் வழுக்கினார்.

பாலிஷ் நல்ல பாலிஷ். அவர் இடுப்பு கீழே போக, முட்டி மேலே வந்தது. கடைசியில் வெளியே தெரிந்தவை இரண்டு ஷூ, இரண்டு கை, நடுவில் ஒரு முகம்.

"எழுந்திருங்க சார்" என்றாள் அம்மா.

அவர் முயன்றார். பீங்கான் அல்ல, கண்ணாடி நார். விரல் பட்ட இடமெல்லாம் கிறீச்சென்றது. இன்னும் கொஞ்சம் இறங்கினார். தலைமை ஆசிரியை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"யாராவது பிடிங்க" என்றார் தாளாளர். முதலாளி பிடித்தார். சட்டைதான் வந்தது.

சிறிது நேரம் போனது. தாளாளரின் குரல் மாறியது. "ஏம்மா. எனக்கு இப்போ… போகணும்."

முதலாளி பதறிப்போனார். "சார், அது விளம்பரத்துக்கு சார். அடியில குழாய் கிடையாது."

இவ்வளவு பெரிய கம்மோடில் உட்கார்ந்துகொண்டு போக இடமில்லாத மனிதரை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. "காப்பாத்துங்கய்யா" என்று வெளியே கேட்கும்படி கத்தினார். கடை அடைத்திருந்தது. தெருவில் ஒரு நாய் பதில் சொன்னது.

கடுகு ஸ்டூலில் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரை எட்டிப் பார்த்தாள்.

"கத்தாதீங்க. கத்தினா யாரும் வரமாட்டாங்க. நான் கத்திப் பாத்திருக்கேன்."

தாளாளர் கத்துவதை நிறுத்தினார். "எங்க?"

"உங்க பள்ளிக்கூடத்துலதான். மொத நாள்."

"எவ்வளவு நேரம்?"

"மணி அடிக்கற வரைக்கும்." அவளுக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தொழில் கற்றுக்கொடுப்பவள் போல விளக்கினாள். "ரெண்டு பக்கமும் கையை ஊனிக்கணும். கீழ பாக்கக் கூடாது. அழக் கூடாது, அழுதா கை வழுக்கும். அப்புறம் காலை ஆட்டி ஆட்டி ஒரே குதி."

அவர் கையை ஊன்றினார். கீழே பார்க்கவில்லை. காலை ஆட்டினார். குதிக்க முடியவில்லை. அவளை விட அவர் எடை அதிகம். இதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். கடைசியில் அம்மாவும் முதலாளியும் நானுமாக அந்தக் கம்மோடை அப்படியே ஒருக்களித்துச் சாய்த்தோம். தாளாளர் தவழ்ந்து வெளியே வந்தார். தவழும் குழந்தை என்று நான் போட்ட கணக்கு அந்த இடத்தில் மட்டும் சரியாக வந்தது.

"பாத்ரூம் போறீங்களா?" என்றாள் அம்மா. "லைட் சுவிட்சு வெளியில இருக்கு."

அவர் ஓடினார்.

திரும்பி வந்தபோது தலை கலைந்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. கடுகுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"மணி அடிச்சப்புறம் யார் தூக்கினா?"

"யாரும் தூக்கல. நானே குதிச்சேன்."

அவர் எழுந்து அம்மாவிடம், "அந்தச் சின்னது எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

அம்மா காட்டினாள். உட்கார்ந்து காட்டினாள். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

அடுத்து வந்த காலாண்டு விடுமுறை முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மாறின. குட்டிக் கம்மோடு, குட்டி பேசின், கடுகின் கைக்கு எட்டும் தாழ்ப்பாள். தாழ்ப்பாளின் உயரத்துக்கு மட்டும் என் வரைபடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பழையவை ஆசிரியர்களுக்குப் போயின. தலைமை ஆசிரியை முதல்தரம் என்றார்.

கடுகின் பாட்டில் காலியாகத் திரும்பி வந்தது. அவள் எங்கள் வாசலில் பையை வீசவில்லை. நிதானமாக, ஒவ்வொரு படியாக, பாட்டுப் பாடிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனாள்.

"இந்தப் பொண்ணு இப்பல்லாம் நம்ம வீட்டுக்கே வர்றதில்ல" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

"அதுக்குத்தான இவ்வளவும் பண்ணின" என்றார் அப்பா.

"அதுக்காக எட்டிக்கூடப் பாக்கக் கூடாதா?"

போன மாதம் துக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். நாற்காலிகள் போட்டிருந்தோம். கடை முதலாளி வந்தார். கடுகு வந்தாள், இப்போது என்னை விட உயரம், பெயர் மட்டும் மாறவில்லை. தாளாளர் தள்ளாமையோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நேரம் போனது. எல்லோரும் ஏதோ ஒரு மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்கள். தாளாளர் வலது காலை இடது கால் மேல் போட்டார். பிறகு இடது காலை வலது கால் மேல் போட்டார். பாத்ரூம் கதவு எல்லோர் கண்ணுக்கும் நேரே இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "வந்தவங்களுக்கு எதையோ செய்யாம விட்டுட்டோம்டி. என்னன்னு தெரியல" என்றார்.

எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை நான் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை. எழுந்து நின்றேன். குரல் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது.

"பாத்ரூம் போறீங்களா?"

நான் முடிப்பதற்குள் தாளாளர் எழுந்துவிட்டார். அவர் பின்னால் முதலாளி. அவர் பின்னால் என் மாமனார். கடுகு வரிசையில் நான்காவதாக நின்றாள். தாளாளர் கதவைத் திறந்து, உள்ளே இருட்டாக இருப்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"லைட் சுவிட்சு வெளியில இருக்கு" என்றார் அப்பா.