நாலாவது கொட்டேஷன்

எங்கள் கம்பெனி பர்ச்சேஸ் பிரிவில் இருந்த அழகர்சாமி, ஒரு நட்டு வாங்கவும் மூன்று கொட்டேஷன் கேட்பார். தலைவலி மாத்திரைக்கும் மூன்று கடை ஏறி இறங்குவார் என்று கிண்டல் செய்வோம். உசிலம்பட்டிக்காரர். கல்யாணம் ஆகவில்லை. பாகலூர் ரோட்டில் ஒற்றை அறை. ஓசூர் வந்து பதினோரு வருஷமாகியும் கன்னடம் ஒரு சொல் ஏறவில்லை.

தொண்ணூற்றெட்டில் மேனேஜருக்கு லேப்டாப் வாங்கும் வேலை அவரிடம் வந்தது. பெங்களூர்க் கடைகளுக்கு எழுதிப் போட்டார். ஒரு பிராண்டு எடை குறைவு, இன்னொன்றில் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், மூன்றாவதில் சிடி போடும் இடம் உள்ளேயே இருந்தது. கோடு போட்ட தாளில் மூன்றையும் எழுதி ஒப்பிட்டார்.

மூன்றாவது பிராண்டை விற்ற கோவிந்தப்பன், கன்னடம் புழங்கும் எல்லையோரத் தளிக்காரர். தினமும் மதியம் போன் போட்டு, "ஊட்டா ஆயித்தா சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

முதல் நாள் அழகர்சாமி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "என்னமோ கேக்குறாப்ல, என்னங்க அது?" என்றார் என்னிடம்.

"சாப்பாடு ஆச்சான்னு கேக்கறாரு சார்."

எங்கள் பக்கம் அது வணக்கம் போடுவது மாதிரி. பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. அதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். மனுஷன் முகம் மலர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். "ஆச்சுங்க. கேன்டீன்ல புளிக்குழம்பு. உப்புதான் கூடிருச்சு" என்று ஒப்பித்தார். மறுநாளிலிருந்து சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு வந்து போனுக்குக் காத்திருந்தார்.

ஒரு வார வேலை இரண்டு மாதம் இழுத்தது. நாலாவது கொட்டேஷன் கேட்டார். பையோடு சேர்த்து என்ன விலை என்று மறுபடி கேட்டார். ஆர்டர் போட்டால் போன் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் மேனேஜர் கத்தியதும், விலை குறைவான முதல் பிராண்டுக்கே ஆர்டர் போனது.

போன் நின்றது. பத்து நாள் பொறுத்து, அவரே கோவிந்தப்பனைக் கூப்பிட்டார்.

"ஊட்டா ஆயித்தா?"

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "ஆயித்து சார். எந்தக் கம்பெனிலேருந்து பேசறீங்க?"

அவர் போனை வைத்தார். கோடு போட்ட தாளை எடுத்து ஃபைலில் சொருகினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு வருஷம் எதிர் மேசையில் உட்கார்ந்தும், அவரை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"சாப்பிட்டாச்சா சார்?"

"ஆச்சுங்க" என்றார், நிமிராமல். என்ன குழம்பு என்று சொல்லவில்லை.