ஆறாவது பெட்டி

ஜக்கம்மாள் கணினியைத் திறப்பதற்கு முன் பென்சில் சீவுவாள். சவர பிளேடை இரண்டாக ஒடித்து, பழைய காலண்டர் தாளை மடியில் விரித்து, அவசரமே இல்லாமல் சீவுவாள். பக்கத்து நாற்காலி ஜெரோமுக்கு நாலு வருடமாக அந்தச் சத்தம் ஆகாது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், ஒரு மாடியில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் பென்சில் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிப் போகும் குளிர்வேன்களுக்கு அங்கே ஒரு பெட்டி செய்கிறார்கள். வேனுக்குள் குளிர் குறைந்தால் பெட்டி டிரைவரின் போனுக்குச் சொல்லிவிடும். பெட்டிக்குள் ஓடும் கெர்னல்தான் இவர்கள் இருவரின் பாடு. மற்ற நிரல்களுக்கெல்லாம் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி அடுத்த நிரலுக்குக் கொடுப்பதும் கெர்னலின் வேலை. அதில் ஒரு பிசகு வந்தால் பெட்டி அப்படியே நின்றுபோகும். ‘விழுந்துருச்சு’ என்பாள் ஜக்கம்மாள். விழும்போது பக்கம் பக்கமாக எண்களைக் கொட்டும். மற்றவர்கள் திரையில் பார்த்துவிட்டுப் போவதை அவள் அச்செடுத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பாள்.

“விழுந்தவனை விட்டுருங்க. அவன் பாவம், ஒண்ணும் அறியாதவன். அதே எடத்துல அவனுக்கு முந்தி எவன் குடியிருந்தான்? அவனைத் தேடுங்க.”

தேடினால் அந்த முந்தைய நிரல் அகப்பட்டும் விடும். ஜெரோமால் பொறுக்க முடியாதது இதுதான். அவன் சென்னையில் பெரிய கல்லூரியில் படித்தவன். அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் காந்திகிராமம் போய்ப் படித்தவள். ஆனால் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அவளுக்குத்தான் மின்னஞ்சலில் சந்தேகம் கேட்கிறார்கள். ஒரு தடவை ஜெரோமுக்கும் ஒன்று வந்தது. ஆசையாகத் திறந்தான். ஜக்கம்மாள் விடுப்பில் இருக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள்.

இந்த மாதம் மேசைமேல் சோதனைக்கு வைத்த ஆறு பெட்டிகளும் விழ ஆரம்பித்தன. எட்டு நாள் ஜெரோம் மண்டையை உடைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிடைத்தது. அவனே எழுதிய நிரலில், வாங்கிய இடத்தை இரண்டு தடவை திருப்பிக் கொடுக்கும் ஒரு வரி. அதை எடுத்துவிட்டு, தன் முன்னால் இருந்த ஆறாவது பெட்டியில் மட்டும் ஓட்டிப் பார்த்தான். விழவில்லை. மறுநாள் எல்லாரிடமும் சொல்லலாம் என்று நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் முதலாளி ஈஸ்வரன் முந்திக்கொண்டார்.

“ஜெரோம், நீங்க விட்டுருங்க. ஏம்மா ஜக்கம்மா, செத்த நேரம் நீ பாரேன்.”

ஜெரோம் வாயை மூடிக்கொண்டான். திருத்தம் அனுப்பும்போது, பிழை யார் செய்த மாற்றத்தால் வந்தது என்று பெயரோடு ஒரு வரி எழுதுவது இந்தத் தொழிலின் வழக்கம். அந்தக் கூச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. ஒரே ஒரு தடவை இவள் தெரியவில்லை என்று கையை விரிப்பதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைக்குள் பெட்டிகள் போகாவிட்டால் வேன்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. புதன் போனது, வியாழன் போனது.

அவளோ, திருப்பிக் கொடுத்த இடத்திலெல்லாம் 6b என்ற எண்ணைக் கெர்னலே நிரப்பி வைக்கும்படி செய்திருந்தாள். பிறகு யாராவது அங்கே கை வைத்தால் எண் மாறி, காட்டிக்கொடுத்துவிடும். கணினியின் இந்தக் கணக்கில் ஒன்பதுக்கு அடுத்தது a, அதற்கு அடுத்தது b. வெள்ளிக்கிழமை காலையில் அச்சான தாள் முழுக்க வரிவரியாக 6b. நடுவில் ஒரே ஒரு 6a. அவள் அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“ஒண்ணு குறைஞ்சிருக்கு ஜெரோம். ரூமைக் காலி பண்ணிட்டுப் போனவன் திரும்பி வந்து, இன்னொருக்காக் காலி பண்ணிருக்கான்.”

“அப்படியா” என்றான் ஜெரோம்.

அவள் மடித்து வைத்திருந்த காலண்டர் தாளைப் பிரித்தாள். அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியும் விழுந்த நேரத்தைப் பென்சிலால் குறித்திருந்தாள். ஐந்து வரிசைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆறாவது வரிசை செவ்வாய்க்கிழமையோடு நின்றிருந்தது.

“உங்க பெட்டி மட்டும் மூணு நாளா விழலையே?”

“தெரியலையே... ஏதோ அதிர்ஷ்டம்.”

ஜக்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அச்சுத்தாளைப் படிக்கும்போது அசைவதுபோல அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு திரும்பி, திருத்தக் குறிப்பை எழுதினாள். பிழை இன்னது. வந்தது ஜெரோமின் மாற்றத்தால். திருத்தியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள்.

“சரி பண்ணது நீங்கதான? உங்க பேரைப் போட்டு அனுப்புங்க. நாளைக்கு வேன் வருது.”

அவனுக்குத் தன் பெயரை அடிக்க இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அவள் காலண்டர் தாளை மடியில் விரித்தாள். அவன் பக்கம் பார்க்காமல், காலையில் சீவி இன்னும் மழுங்காத பென்சிலை மறுபடி சீவ ஆரம்பித்தாள்.