படம் இல்லாத பதினோரு பறவைகள்

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகும் காலை ஏழேகால் பேருந்தில் இடது பக்கத்து மூன்றாவது ஜன்னல் தமிழ்ச்செல்விக்குச் சொந்தம். பத்திரம் எதுவும் கிடையாது, வாய்தான் உண்டு. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, எனக்கு ஜன்னல் வேணும்" என்பாள். வாந்தி எடுக்கப் போகிறாளோ என்று பயந்து அந்த மனிதர் எழுந்தே போய்விடுவார். அவள் ஒருநாளும் அந்தப் பயத்தைத் தெளிய வைத்ததில்லை.

வயது இருபத்து நான்கு. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்து நம்பர் எழுதுகிற வேலை. கடையில் யாரோ மறந்துவிட்டுப் போய் இரண்டு வருடமாகக் கேட்பாரற்றுக் கிடந்த பைனாகுலர் இப்போது அவள் கழுத்தில் தொங்குகிறது. அதன் ஒரு குழாய் சற்றே கோணியிருந்ததைக் கடையில் இருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை வைத்து அவளே நிமிர்த்தினாள். கேமரா இல்லை. "கேமராக்காரங்க பறவையப் பாக்கறதில்ல, ஸ்கிரீனத்தான் பாக்கறாங்க" என்பது அவள் கட்சி. கேமரா வாங்க வசதியில்லை என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால், "அதுவுந்தான்" என்று கூசாமல் ஒப்புக்கொள்வாள்.

கடலூர், சிதம்பரம் பக்கத்து இளசுகள் ஒன்பது பேர் சேர்ந்து நான்கு வருடமாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை, மாவட்ட எல்லைக்குள் யார் எத்தனை வகைப் பறவை பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு காக்கை பார்த்தாலும் ஒன்று, ஓராயிரம் பார்த்தாலும் ஒன்று. வருடம் பிறந்தால் எல்லாருக்கும் மறுபடி பூஜ்யம். அதனால் புத்தாண்டு விடியலில் வளர்ந்த ஆட்கள் மைனாவைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பதை இந்தக் குழுவில்தான் பார்க்க முடியும்.

கடைசி நாள் காலையில் கடலூர் சில்வர் பீச்சில் கூடி ஒவ்வொருவரும் தம் பட்டியலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரும் "தடை" சொல்லலாம். தடை சொன்னவர் மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு தூரத்தில் பார்த்தாய், என்ன அடையாளம் பார்த்தாய், அது ஏன் வேறு பறவையாக இருக்க முடியாது? பதில் நின்றால் பறவை நிற்கும். தடை சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பதில் தடுமாறினால் பறவை போய்விடும். இரண்டு பேர் ஒரே எண்ணில் நின்றால், அந்த எண்ணை முதலில் தொட்டவரே ஜெயித்தவர். பரிசு, வெயிலில் நிறம் செத்துப்போன ஒரு பச்சைத் தொப்பி. அதன் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் மூன்று முறை ஒரே பெயர் எழுதியிருக்கிறது: கார்த்திகேசன்.

கார்த்திகேசன் கடலூரில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்ப்பவன். சொந்தக் கார். கேமராவின் லென்ஸ் முழங்கை நீளம். கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்திருந்தால் தமிழ்ச்செல்விக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். தன் காரில் யாரையும் ஏற்றிக்கொள்வான், எடுத்த படத்தை எல்லாருக்கும் கொடுப்பான். நவம்பர் நடுவில் அவன்தான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை போட்டான். இனிமேல் படமோ ஒலிப்பதிவோ இல்லாத பறவை கணக்கில் சேராது. இந்த வருடத்திலிருந்தே வைத்துக்கொள்ளலாமா, கடைசி நாளில் பேசி முடிவு செய்யலாம். கீழே ஒரு கும்பிடு.

அன்றைக்குத் தமிழ்ச்செல்வி நூற்றுத் தொண்ணூற்று எட்டில் இருந்தாள். அவன் நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. படமோ பதிவோ இல்லாமல் அவள் பட்டியலில் பதினோரு பறவைகள் இருந்தன. பாதிக்கு மேல் பேருந்து ஜன்னலில் பார்த்தவை. இந்த நேரத்தில் வந்த இந்தச் சட்டம் யாரைக் குறிவைத்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கடையின் பின்கட்டில் நின்று போனில் பேசி அனுப்பினாள்.

"கார்த்தி அண்ணே, நான் ஒரு நாளைக்கு இருவது பேருக்கு கண்ணு பாக்கறேன். இந்த லென்ஸு தெளிவா, அந்த லென்ஸு தெளிவான்னு கேக்கறேன். இதுதான் தெளிவுன்னு அவுங்க சொன்னா நம்பி எழுதறேன். அவுங்க கண்ணுக்குள்ள பூந்து போட்டோ எடுத்தாவா எழுதறேன்?"

அவனும் குரலிலேயே பதில் போட்டான். "தப்பா எடுத்துக்காத செல்வி. கண்ணாடி தப்பாப் போச்சுன்னா அவுங்களே தலவலின்னு திரும்பி வந்துருவாங்க. பட்டியல்ல தப்பாப் போச்சுன்னா யாரு வந்து சொல்லப் போறா?"

கேட்டு முடித்ததும் போனைப் பைக்குள் திணித்தாள். கோபம் இரட்டிப்பானது. நாலு வருடமாக வெயிலில் நின்று கறுத்தவளை, ஒரே ஒரு கும்பிடு போட்டுப் பொய்க்காரி வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்தது. தொப்பி வேண்டும், அதுவும் இந்தப் பதினோரு பறவையோடு சேர்த்து வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

டிசம்பர் வந்தால் அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் இடம் சொல்ல மாட்டார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் வீட்டில் இருக்கிறேன் என்பார்கள். பின்னால் கடல் அலை கேட்கும். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தன் அம்மா கொளஞ்சியம்மாளிடம்கூட சிநேகிதி கல்யாணம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறிச் சாமியார்பேட்டை கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போனாள். அப்போது அவள் எண் இருநூற்று இரண்டு. ஆறுமணிக்குருவி ஒன்று கிடைக்காமல் வருடம் முழுக்கப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க நிறம், ஆனால் சருகுக்குள் ஒளிந்துவிட்டால் கண்ணில் படாது. பொழுது விடியும்போதும் சாயும்போதும் இரண்டு சுருதியில் விசிலடிக்கும். அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

மாலை ஐந்தரை மணிக்கு விசில் கேட்டது. அறுபது எழுபது அடி தள்ளி, தாழம்புதருக்கு அந்தப் பக்கம். தமிழ்ச்செல்வி உதட்டைக் குவித்து அதே சுருதியில் திருப்பி அடித்தாள். விசிலில் அவள் கெட்டிக்காரி. பொட்டப்புள்ள விசிலடிச்சா வூடு வெளங்குமாடி என்று கொளஞ்சியம்மாள் திட்டித் திட்டி ஓய்ந்து போயிருந்தாள். புதருக்குள் இருந்து பதில் வந்தது. இவள் அடிக்க, அது அடிக்க, போனில் பதிவு செய்தாள். படம் கேட்கும் சட்டத்துக்குப் பணிந்து அல்ல, கார்த்திகேசன் முகத்தில் எறிவதற்கு.

இடம் சொல்லாமல் குழுவில் போட்டதும் கைதட்டல் குவிந்தது. இருநூற்று மூன்று. "இப்படி ஆதாரத்தோட இருந்தா யாரு கேக்கப் போறா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பாராட்டு அவளுக்குக் கறிவேப்பிலைக் காம்பு போலத் தொண்டையில் மாட்டியது. கார்த்திகேசனும் விடவில்லை. இருபத்தேழாம் தேதி அவனும் இருநூற்று மூன்றைத் தொட்டான். முதலில் தொட்டது அவள் என்பதால் தொப்பி அவளுக்குத்தான், அந்தப் பதினொன்றை மட்டும் காப்பாற்றிவிட்டால்.

இருபத்தொன்பதாம் தேதி பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், உள்ளான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட முஹம்மது ஆசிக். அந்த ஊர்க்காரன், அவள் வயது, அவளோடு கல்லூரியில் படித்தவன். பட்டியலில் அவன் நூற்று அறுபதைத் தாண்டவில்லை, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. பேச்சுவாக்கில், "நானும் ஆறுமணிக்குருவிய லிஸ்ட்ல ஏத்திட்டேன், தெரியுமா" என்றான்.

"எப்புடி?"

ஆசிக் அசட்டுச் சிரிப்போடு பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்தான். "யார்கிட்டயும் சொல்லாத. இதுல சத்தம் போட்டு மரத்துல மாட்டிட்டேன். ஒடனே பதில் குடுத்துச்சு." பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றி அழைப்பது குழுவில் கேவலமாக நினைக்கிற காரியம். தமிழ்ச்செல்வி திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவன் போட்டுக் காட்டிவிட்டான். விசில், விசில், விசில். பிறகு யாரோ ஒரு மனிதன் இருமுகிற சத்தம். மறுபடி மூன்று விசில், மறுபடி அதே இருமல்.

தமிழ்ச்செல்வி பைனாகுலரைக் கீழே இறக்கினாள். அந்த இருமல் தன் பதிவிலும் இருந்தது. மீன்பிடிக்கப் போகிற யாரோ என்று நினைத்திருந்தாள்.

"எங்க மாட்டுன இத?"

"சாமியார்பேட்ட சவுக்குத் தோப்புல. எட்டாந்தேதி. இரு, பதில் குடுத்துச்சே, அதையும் ரெக்கார்ட் பண்ணிருக்கேன்." போனைத் தட்டினான். வந்தது தமிழ்ச்செல்வியின் விசில்.

புதருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவில் ஒரு குருவியும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பறவை என்று பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். விஷயத்தை அவள் சொன்னதும் ஆசிக் மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு எண் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"சரி வுடு" என்றான் ஆசிக், அவள் முகத்தைப் பார்த்து. "ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நா வாயத் தொறக்க மாட்டேன். நீ ஜெயிக்கணும் செல்வி. அந்தத் தொப்பியில வேற பேரு வரணும்."

பேருந்தில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே அவள் எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு வாய் திறக்காமல் இருந்தால் போதும். எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்ட பறவை, பதிவோடு இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு, மற்ற பதினொன்றுக்கும் என் வார்த்தையை நம்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வீட்டில் கொளஞ்சியம்மாள், "ஒரு குருவிக்காவ மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு" என்று சோற்றைப் போட்டாள். குருவியே இல்லம்மா, அதான் பிரச்சன என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடலூர் போனாள். சில்வர் பீச்சில் டீக்கடை ஓரம் ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். எண்களைக் குறிப்பது ஆசிக்கின் தங்கை நஜியா. கார்த்திகேசன் படித்தான், இருநூற்று மூன்று, எல்லாவற்றுக்கும் படம். அடுத்து தமிழ்ச்செல்வி எழுந்து நின்று படித்தாள். குரல் அலைக்கு மேல் ஏறிக் கேட்டது. கடைசி வரியில் நிறுத்தினாள்.

"இருநூத்தி மூணு, ஆறுமணிக்குருவி, சாமியார்பேட்டை, டிசம்பர் எட்டு. இதுக்கு நானே தடை சொல்றேன்."

தன் பறவைக்குத் தானே தடை சொன்ன ஆள் அந்தக் குழுவில் அதுவரை இல்லை. அவள் பதிவைப் போட்டு இருமலைக் கேட்கச் சொன்னாள். "இது பறவ இல்ல. ஸ்பீக்கர். பதில் குடுத்தது நானு. ஏமாந்தது என் தப்பு." யாருடைய ஸ்பீக்கர் என்று அவள் சொல்லவில்லை. ஆசிக் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து, "என்னோடதுதான். என்னோடதயும் அடிச்சிடு நஜியா" என்றான். கூட்டம் சிரித்துப் புரண்டது.

கார்த்திகேசன் மட்டும் சிரிக்கவில்லை. "ரெக்கார்டிங் போட்டிருக்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நா சொன்ன ரூல்படி பாத்தா இது செல்லும், செல்வி. நீ அடிக்க வேணாம்."

"ரூல்படி செல்லும். அதனாலதான் அண்ணே, ரூல் சரியில்லங்கறேன்." அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆதாரம் இருக்கறது பொய்யாப் போச்சு. ஆதாரம் இல்லாத பதினொண்ணும் நெசம். தப்பாப் போச்சுன்னா யாரு வந்து சொல்லுவான்னு கேட்டீங்க. எழுதனவதான் வந்து சொல்லணும். வந்து சொல்லிட்டேன். இப்ப அந்தப் பதினொண்ணையும் மறுபடி படிக்கறேன். தடை சொல்லுங்க, மூணு கேள்வி கேளுங்க. போட்டோ மட்டும் கேக்காதீங்க."

படித்தாள். நான்காவதாகப் பொரி வல்லூறு. கார்த்திகேசன் கையைத் தூக்கினான்.

"தடை. பஸ்ஸுலேர்ந்து பாத்தது. எவ்ளோ தூரம்?"

"புவனகிரி பாலத்துக்கு முன்னாடி கரண்டு டவரு. அம்பதடி. பஸ்ஸு லாரிக்கு வழி வுட்டு நின்னுது, ரெண்டு நிமிஷம்."

"அடையாளம்?"

"கண்ணுக்குக் கீழ மை கலைஞ்ச மாதிரி கறுப்பு. மார்புல குறுக்குக் கோடு. பொறாக் கூட்டத்து மேல சிறக மடக்கிக்கிட்டு விழுந்துது."

"செவப்பு வல்லூறா ஏன் இருக்கக் கூடாது?"

"அது அந்தரத்துல நின்னு சிறகடிக்கும், எலியப் பாக்கும். முதுகு செங்கல் கலரு. இதுக்கு முதுகு சிலேட்டு. அண்ணே, நீங்க நாலு வருஷமா எத்தினி வல்லூறு பாத்திருப்பீங்க, இத நா கதையா சொல்றேன்னு தோணுதா?"

கார்த்திகேசன் தூக்கிய கையை இறக்கினான். பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பி ஒன்பது டீ சொன்னான். இன்னும் இருவர் தடை சொல்லி, அவர்களும் டீ வாங்கினார்கள். மூன்றாவது டீயைக் குடிக்க முடியாமல் பலர் மணலில் கொட்டினார்கள். பதினொன்றும் நின்றன. படச் சட்டம் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகேசன் தொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினான். "நீயே வச்சிக்க செல்வி. மனசாரச் சொல்றேன்."

"தோத்தவளுக்கு எதுக்குண்ணே? ஜெயிச்சவரு போடுங்க." கண்ணில் தண்ணீர் முட்டியது. தொப்பி அவளுக்கு வேண்டித்தான் இருந்தது, ஒரு வருடமாக. துடைத்துக்கொள்ளாமலே நின்றாள்.

நஜியா குழுவில் போட முடிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கார்த்திகேசன், முதலிடம், இருநூற்று மூன்று. தமிழ்ச்செல்வி அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள்.

"என் நம்பரையும் போடு, பதினொண்ணையும் சேத்து. இருநூத்தி ரெண்டு. ஒண்ணுல தோத்தேன்னு தெளிவா எழுது நஜியா. பன்னெண்டுல இல்ல."