காளைக்கு முன்னால் மந்திரக்கோல்

இளம் மந்திரவாதிகள் மந்திரம் பழகும் வீடியோ கேம் என்றால் எனக்கு உயிர். கன்ட்ரோலரை மந்திரக்கோல் போல வீசினால் திரையில் நெருப்புப் பறக்கும்.

பொங்கல் நெருங்கிய ஒரு மாலை, அவனியாபுரத்து வீட்டில் தெருக்கதவைத் திறந்துபோட்டு, டிவியில் ஒரு டிராகனோடு மோதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு முருகன் அண்ணன் தன் ஜல்லிக்கட்டுக் காளையைத் தெருவில் நடத்திப் போனார். எதிரே கை வீசினால் பாயும்படி பழக்கிய காளை அது. என் கைவீச்சைக் கண்டதும் கயிற்றை உருவிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

"தங்கச்சி, கைய ஆட்டாத. அப்புடியே நில்லு."

நின்றேன். முதுகில் காளையின் மூச்சு சுட்டது. திரையில் டிராகன் என்னைப் பொசுக்கியது.

அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் வீசுற. நாளைக்கும் காளையப் பழக்க வாரியா?"

இப்போது கதவைத் தாழிட்ட பிறகே மந்திரக்கோலைத் தொடுகிறேன். அந்தக் காளைக்குப் பிறகு டிராகனைக் கண்டால் பயமே வருவதில்லை.